பாதி மட்டும் கசிந்த வினாத்தாள்

கசிந்த வினாத்தாளின் பக்கங்களை ஆபீஸ் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, கொட்டாவியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாய் நிறைய ஒரு கொட்டாவி விட்டார்.

கொட்டாவியார் என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். எதிரில் யாராவது உயிர் போகிற சங்கதியைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இவருக்குக் கொட்டாவி வரும், கண்ணில் நீர் கட்டும். சிலர் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பலர் எழுந்து போய்விட்டார்கள். தூக்கம் இல்லை அது, களைப்பு. மனிதர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றும் விதங்களை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வந்த களைப்பு. இந்தத் துப்பறியும் தொழிலை மூட்டைகட்டிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பார். வேறு தொழில் தெரியாததால் அடுத்த மாதமும் கடையைத் திறப்பார்.

அவருடைய உதவியாளன், மனைவியின் தம்பி. ஊருக்கே அவன் வால்யூம். ரகசியத்தைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்ல வரும் அவனுக்கு. கடைசியாக வேலை பார்த்த இடம் ஒரு நூலகம். அங்கே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

"திருடன் பாதி விலைக்குப் பாதித் தாள் விக்கிறான் போல மாமா," என்றான் வால்யூம், பக்கங்களைத் தாண்டித் தாண்டி நடந்தபடி. "இதைப் படிச்சுப் பாஸ் பண்றவனுக்குப் பாதிச் சம்பளம்தான் குடுக்கணும்."

வழக்கு இதுதான். அரசு வேலைக்கான தேர்வுகளை நடத்துகிற ஒரு தேர்வு அலுவலகம். வினாத்தாள்கள் அங்கிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கிற அச்சகத்துக்கு, கேபிள் வழியாக, ஒவ்வொரு பக்கமாகப் போகும். இரண்டு தடவை, தேர்வுக்கு முன்னாலேயே பக்கங்கள் செல்போன்களில் சுற்றின. முதல் தடவை கசிந்ததும் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லா மெஷினுக்கும் சாவி அவரிடம்தானே. அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டாவது தடவையும் கசிந்தது. அதோடு பிழைத்தார் என்று பார்த்தால், நேர்மாறாகப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் ரகசியப் புறக்கதவு ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு வீட்டிலிருந்தபடியே உள்ளே நுழைகிறார் என்றார்கள். இன்று சாயங்காலம் போலீஸில் புகார் கொடுத்துவிடுவதாகத் தேர்வு அதிகாரி அம்மாள் சொல்லியிருந்தார்.

இன்ஜினியரின் மனைவி நேற்று வந்து அழுதுவிட்டுப் போனாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். புருஷன் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவர் தனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார், அதுதான் அவளைக் கொன்றது. "நான் எடுக்கலன்னு மட்டும் சொல்றார். அதுக்கு மேல கேட்டா சுவரைப் பாக்கறார்." அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரிதான் நல்ல மனுஷராகக் கொட்டாவியாரின் விலாசத்தைக் கொடுத்து அனுப்பினாராம்.

கொட்டாவியார் குனிந்து பக்க எண்களைப் பார்த்தார். முதல் நாலு பக்கம் இல்லை. அடுத்த நாலு இருந்தது. மறுபடி நாலைந்து இல்லை, மறுபடி இருந்தது. வேறு தாளான இரண்டாவது கசிவிலும் இதே கதை. சாம்பிளுக்காகப் பாதி கொடுத்திருக்கிறான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டதால் யாரும் எண்களை எண்ணிப் பார்க்கவில்லை.

"சாம்பிள் காட்டுறவன் முதல் பக்கத்தை விட்டுட்டா காட்டுவான்?" என்று கேட்டார்.

வால்யூம் நின்றான்.

"சாவி இருக்கிறவன் பீரோவைத் திறந்தா முழுசா எடுத்துட்டுப் போவான் மாப்ள. இவன் பீரோவைத் திறக்கல. வழியில நின்னுக்கிட்டு, தன் பக்கமா வந்ததை மட்டும் பொறுக்கியிருக்கான்."

"அப்ப மீதி?"

"மீதி வேற வழியா போயிருக்கு. செருப்பைப் போடு. கிளம்பலாம்."

இன்ஜினியரின் வீடு மூன்றாவது மாடி. லிப்ட் பழுது. பாதிப் படியில் கொட்டாவியார் மூச்சு வாங்க நின்றபோது, மேலேயிருந்து ஒரு பெரியவர் பிளாஸ்கோடு இறங்கி வந்தார். முறுக்கிவிட்ட வெள்ளை மீசை, இஸ்திரி கலையாத சட்டை. அவர்தான் விலாசம் கொடுத்த பாதுகாப்பு அதிகாரி. இன்ஜினியருக்கு வீட்டில் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டு, டீயோடு ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போக வந்தாராம். கொட்டாவியாரின் கையைப் பிடித்து, தங்கமான பிள்ளை, எப்படியாவது காப்பாற்றுங்கள் என்றார். மதியம் டியூட்டி இருக்கிறது என்று விடைபெற்றுக்கொண்டார். கொட்டாவியார் பதிலுக்கு ஒரு கொட்டாவியை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மீசைக்காரர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

வீட்டு வாசலில், காலிங்பெல்லுக்கு மேல் சின்னக் கேமரா ஒன்று இருந்தது. வால்யூம் அதைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டான். கதவைத் திறந்த மனைவி, அது தன் தம்பி போட்டுக் கொடுத்தது என்றாள். இவள் காலேஜ் போகிற வயதில் அம்மா போய்ச் சேர்ந்துவிட, தம்பியை இவள்தான் தூக்கி வளர்த்தாள். இப்போது கேமரா மாட்டுகிற தொழில் செய்கிறான். இன்ஜினியரின் சிபாரிசில் தேர்வு அலுவலகத்துக் கேமராக்களும் அவன் பொறுப்பில்தான்.

இன்ஜினியர் நாற்பதைத் தாண்டாதவர், இரண்டு வாரத்தில் அறுபதாகியிருந்தார். தாடி. கசங்கிய பனியன். வந்தவர்களைப் பார்த்து உட்காருங்கள் என்று கையைக் காட்டியதோடு சரி. கொட்டாவியார் எந்தக் கேள்வியும் கேட்காமல், கொண்டுவந்த பக்கங்களைச் சாப்பாட்டு மேசையில், இல்லாத பக்கங்களுக்கு இடைவெளி விட்டு அடுக்கினார்.

இன்ஜினியர் ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புரியாதவன் உற்றுப் பார்ப்பான், புரிந்துகொண்டவன்தான் முகத்தைத் திருப்புவான் என்பது கொட்டாவியாருக்குத் தெரியும். ஆகவே ஆளைப் பற்றி ஒன்றும் கேட்காமல் வழியைப் பற்றி மட்டும் கேட்டார். பக்கங்கள் அச்சகத்துக்கு எப்படிப் போகின்றன?

அதற்கு இன்ஜினியர் பேசினார். முதலில் ஒற்றை ஒற்றை வார்த்தையாக, அப்புறம் நிறுத்த முடியாமல். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அலுவலகத்தின் சொந்தக் கேபிள். புதுசு, தடிமன், பூமிக்கடியில் பூட்டிய குழாய்க்குள் போகிறது. இன்னொன்று பழைய வாடகை லைன். பின்கட்டடத்தில் ஒரு அறை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அச்சகத்து மெஷின் அரதப்பழசு, சங்கேதப் பூட்டுப் போட்டு அனுப்பினால் அதற்குத் திறக்கத் தெரியாது. சொந்தக் கேபிள்தானே, சொந்த வீட்டுக்குள் சமையலறைக்குப் பூட்டா என்று பக்கங்களைத் திறந்தபடியே அனுப்பிப் பழகிவிட்டார்கள். நடுவில் ஒரு நாள் கேபிளில் நெரிசல் வந்து அச்சகம் காத்துக் கிடந்தது. அதிலிருந்து, எந்த வழியில் கூட்டம் குறைவோ அந்த வழியில் போகும்படி வழி பிரித்துவிடுகிற ரவுட்டரை மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

"கேக்கறதுக்கு நல்லாருக்கும் சார்," என்றார் இன்ஜினியர். "ஆனா இங்க நெரிசல்னு சேதி வந்து சேர்றதுக்குள்ள அந்தச் சேதி பழசாயிடும். பழைய சேதியை நம்பி எல்லாம் ஒண்ணா அந்தப் பக்கம் ஓடும். ஓடினதாலயே அந்தப் பக்கம் அடைச்சுக்கும். உடனே எல்லாம் இந்தப் பக்கம் திரும்பும். இப்படியே ஆடிக்கிட்டிருக்கும்."

"நாலு பக்கம் அங்க, நாலு பக்கம் இங்க," என்றார் கொட்டாவியார்.

இன்ஜினியர் தலையை மட்டும் அசைத்தார்.

இதற்கு மருந்தே இல்லையா என்று வால்யூம் கேட்டான். இருக்கிறது, ஆனால் பத்தியமும் இருக்கிறது என்றார் இன்ஜினியர். பொறுமையாகத் திரும்பு என்று வைத்தால் நிஜமான நெரிசலில் மாட்டிக்கொண்டு முழிக்கும். சட்டென்று திரும்பு என்று வைத்தால் இந்த ஆட்டம். சேதியை அடிக்கடி அனுப்பலாம் என்றால், சேதியே ஒரு கூட்டமாகிவிடும். எவ்வளவு பொறுக்கலாம் என்பது அந்தந்த இடத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டிய விஷயம். அதற்கு அவகாசம் கேட்டார், தரவில்லை. போகட்டும், வினாத்தாளை மட்டுமாவது கேபிளைவிட்டு நகராதபடி கட்டிவைக்கிறேன் என்றார். அதற்கும் தாமதமாகும் என்று வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அவர் இவ்வளவு பேசி இரண்டு வாரத்தில் மனைவி கேட்டதில்லை. டீக் கோப்பைகளோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவ்வளவு தடிமனான கேபிளை அடைக்கணும்னா எது வேணும்?" என்று கொட்டாவியார் கேட்டார்.

இன்ஜினியர் யோசிப்பது போல் சொன்னார். மொத்தமாக நகல் எடுப்பது அடைக்கும், ஆனால் அது ராத்திரியில் நடக்கும். மெஷின்களுக்குப் புதுப்பிப்பு வந்தால் அடைக்கும், அது எப்போதாவதுதான்.

"சினிமாப் படம்?" என்றான் வால்யூம். "எங்க வீட்ல நான் படம் பாத்தா அக்காவுக்கு நெட்டே வராது."

இன்ஜினியரின் கண் ஒரு கணம் வாசல் பக்கம், காலிங்பெல் இருக்கிற பக்கம் போய் வந்தது. பிறகு, தனக்குத் தெரியாது என்றார். தலை வலிக்கிறது, படுக்கப் போகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

படி இறங்கும்போது வால்யூம் வாய் மூடாமல் வந்தான். கேமராக்காரன்தான், சந்தேகமே இல்லை என்றான். எல்லாக் கேமராவையும் முழுத் தெளிவில் வைத்துப் படத்தைக் கேபிளில் தள்ளினால் அடைக்காமல் என்ன செய்யும்? வினாத்தாள் பழைய லைனுக்குத் தாவும். அங்கே ஒரு பெட்டியை மாட்டிவிட்டு உட்கார்ந்தால் தீர்ந்தது.

"அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு மாமா. பின்ன ஏன் வாயத் திறக்கல?"

கொட்டாவியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். வால்யூம் ஒரு நாள் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நின்றால், தான் போலீஸுக்குப் போவோமா என்று நினைத்துப் பார்த்தார். வீட்டில் அவன் அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தார்.

"தூக்கி வளத்த தம்பி," என்றார். "சொன்னா அந்தம்மாவுக்குப் புருஷன் கிடைப்பான், தம்பி போயிடுவான். சொல்லலைன்னா தம்பியாவது மிஞ்சுவான். மனுஷன் கணக்குப் போட்டுட்டு சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்."

வால்யூம் ஒரு மாடி முழுக்கப் பேசாமல் இறங்கினான். அவனுக்கு அது பெரிய சாதனை.

கேமராக்காரனின் கடை, தேர்வு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒயர்க் கட்டுகள், பிரித்துப் போட்ட கேமராக்கள், சுவரில் ஒரு பெரிய திரை. அதில் அலுவலகத்து வராந்தாக்களும் வாசல்களும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. முப்பது வயதுக்காரன், விரல் நுனிகளில் சூடு பட்ட தழும்பு. யார் என்ன என்று கேட்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

சண்டை வரும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்த வால்யூமுக்கு ஏமாற்றம்தான். கேமராக்காரன் கேட்ட முதல் கேள்வி, மாமா சாப்பிடுகிறாரா என்பது. தான் போன் செய்தால் அவர் எடுப்பதே இல்லை, நேரில் போனால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார், என்ன தப்புச் செய்தேன் என்றே தெரியவில்லை என்றான்.

கேமராக்களைப் பற்றிக் கேட்டபோதும் அவன் எதையும் மறைக்கவில்லை. வினாத்தாள் போகிற நேரத்தில் எல்லாக் கேமராவையும் முழுத் தெளிவுக்கு ஏற்ற வேண்டும், அந்தப் படத்தின் நகல் அச்சகத்தில் இருக்கிற சேமிப்புப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று தேர்வு அதிகாரி அம்மாள் கையெழுத்தில் உத்தரவு இருக்கிறது. இங்கே தீப்பிடித்தாலும் அங்கே சாட்சி இருக்கட்டும் என்றார்களாம். காவல் அறையிலிருந்து போனில் 'ஏத்து' என்பார்கள், ஏற்றுவான். யார் கூப்பிடுவார்கள்? யார் டியூட்டியில் இருக்கிறார்களோ அவர்கள். இன்றைக்கும் மூன்று மணி வாக்கில் ஒரு தாள் போகிறது, தயாராக இரு என்று சொல்லியிருக்கிறார்கள். கேபிள் தாங்குமா என்று மாமாவிடமே ஒரு நாள் துருவித் துருவிக் கேட்டானாம். அவர் சரியாகப் பதில் சொல்லாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"நல்லா நடிக்கிறான் மாமா," என்று வால்யூம் காதோடு சொன்னான். கேமராக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

கொட்டாவியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருடனாக இருந்தால் கேமராவைப் பற்றி இப்படி வாயைத் திறந்து கொட்டியிருக்க மாட்டான். அந்த உத்தரவு காவலுக்காகப் போட்டது மாதிரிதான் யாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காவல்தான் வினாத்தாளை நல்ல வழியிலிருந்து நெட்டித் தள்ளுகிறது. அம்மாளுக்கு அந்த யோசனையைச் சொன்னவன் யாரோ ஒருவன் இருக்கிறான். அம்மாளைக் கேட்டால், பத்துப் பேர் கூடிப் பேசி எடுத்த முடிவு என்பார். அப்படித்தான் எல்லா அலுவலகத்திலும் சொல்வார்கள்.

"தம்பி, இந்தத் திரையில தெரியறது முழுத் தெளிவா, குறைச்சலா?"

எப்போதும் ஒரே மாதிரிதான் தெரியும் என்றான் கேமராக்காரன். இங்கேயும் சரி, காவல் அறையிலும் சரி, திரையில் காட்டுவது சின்னப் படம்தான். கனமான நகல்தான் கேபிளில் போகும். ஏற்றினாலும் இறக்கினாலும் திரையில் வித்தியாசம் இருக்காது.

"அப்ப நீங்க ஏத்தலைன்னா யாருக்குத் தெரியும்?"

யோசித்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்றான்.

"இன்னைக்கு ஏத்தாதீங்க. ஏத்திட்டேன்னு மட்டும் சொல்லுங்க. போனை மேசைமேல வைங்க."

அப்புறம் காத்திருந்தார்கள். வால்யூம் இரண்டு தடவை வாயைத் திறந்தான், இரண்டு தடவையும் கொட்டாவியார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். போன் அடித்தது. காவல் அறையிலிருந்து ஒரு குமாஸ்தா, ஏற்றச் சொன்னார். கேமராக்காரன் சரி என்றான், விசைப்பலகையில் கையே வைக்கவில்லை. எதிரே அந்தக் கட்டடத்துக்குள் வினாத்தாளின் பக்கங்கள், நெரிசலே இல்லாத சொந்தக் கேபிளில் ஒழுங்காக அச்சகத்துக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பழைய லைனில் காதை வைத்துக் காத்திருக்கிறவனுக்கு இன்று ஒன்றும் வராது.

கொட்டாவியாருக்குக் கண் சொருகிக்கொண்டு வந்த நேரத்தில் போன் மறுபடி அடித்தது. கேமராக்காரன் ஸ்பீக்கரைப் போட்டான்.

"தம்பி, ஏத்தினியா?"

"ஏத்திட்டேன் சார். திரையில பாருங்க, எல்லாம் நல்லா ஓடுது."

"திரை கிடக்கட்டும்." குரல் அவசரப்பட்டது. "நீ ஏத்தல. சீக்கிரம் ஏத்து, பக்கம் போய்க்கிட்டே இருக்கு."

கேமராக்காரன் கொட்டாவியாரைப் பார்த்தான். கொட்டாவியார் திரையில் ஒரு கட்டத்தைக் காட்டினார். பின்கட்டடத்து வராந்தா. கடைசியில் இருந்த அறைக் கதவு பாதி திறந்திருக்க, நிலையில் சாய்ந்துகொண்டு, காதில் போனோடு, முறுக்கிவிட்ட வெள்ளை மீசை.

திரையைப் பார்க்காமலே ஏற்றவில்லை என்று தெரிகிறவன், பழைய லைனில் பக்கத்துக்காகக் காத்திருக்கிறவன் ஒருவன்தான்.

"சரி சார்" என்று சொல்லிப் போனை வைக்கச் சொன்னார் கொட்டாவியார். பிறகு தேர்வு அதிகாரி அம்மாளைக் கூப்பிட்டு, கூட இரண்டு ஆட்களோடு பின்கட்டடத்துக்கு வரச் சொன்னார். இவர்கள் ரோட்டைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது அம்மாள் சாவிக்கொத்தோடு ஏற்கெனவே வாசலில் நின்றார். விளக்கம் கேட்டார். பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்றார் கொட்டாவியார்.

அறைக்குள் பழைய லைனின் ஒயரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி பல் பதித்துக் கவ்விக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு லேப்டாப்புக்கு ஒயர். லேப்டாப்பில் ஒரு பக்கமும் இல்லை. பக்கத்தில் பிளாஸ்க். மீசைக்காரர் ஓடவில்லை, மறைக்கவும் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு பயிற்சி நிலையத்துக்காரன் ஆசை காட்டினான், விழுந்துவிட்டேன் என்று அம்மாளிடம் அவரே சொன்னார். வினாத்தாள் போகும்போது கேமராக்களை ஏற்றலாம் என்று அம்மாளுக்கு யோசனை சொன்னதும் தான்தான் என்றார். வழியைக் காட்டியது யார் தெரியுமா என்று கேட்டுவிட்டு, அதற்கும் அவரே பதில் சொன்னார். இன்ஜினியர்தான். இந்த இரண்டு வழி ஆட்டத்தைப் பற்றியும், பின்கட்டட அறையைப் பூட்ட வேண்டும் என்றும் அலுவலகத்தில் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அம்மாள் உள்பட யாரும் காது கொடுக்கவில்லை. டீ ஊற்றிக் கொடுத்துக் கடைசிவரைக்கும் கேட்டது மீசைக்காரர் ஒருவர்தான்.

அம்மாள் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"முப்பது வருஷமா வினாத்தாள் பெட்டிக்குக் காவல் இருந்தேன் சார்," என்றார் மீசைக்காரர் கொட்டாவியாரிடம். "உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாள்கூட எட்டிப் பாத்ததில்ல. கடைசியில இப்படி."

"என் விலாசத்தை அந்தம்மாவுக்கு ஏன் குடுத்தீங்க?"

மீசைக்காரர் தயங்கினார். "யாராவது துப்பறியறவங்ககிட்ட போவேன்னு அழுதுக்கிட்டு நின்னுச்சு. நல்ல ஆளாப் பாத்துப் போயிடுமோன்னு பயம். உங்களைப் பத்தி விசாரிச்சேன். பாதிக் கதையிலயே தூங்கிடுவீங்கன்னு சொன்னாங்க."

கொட்டாவியாருக்குக் கோபம் வரவில்லை. இந்த வயதில் தன்னைச் சிபாரிசு செய்ய ஒருவருக்குக் கிடைத்த காரணம் இது என்று தோன்றியது, அவ்வளவுதான். அன்றைக்கு ஏறிய படிகள் எல்லாம் மொத்தமாக முழங்காலில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. 

சாயங்காலம் போலீஸ் வந்தது, வேறு ஆளுக்காக. அம்மாள் இன்ஜினியருக்குப் போன் செய்து, நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பேசினார், சொல்லவில்லை. ரவுட்டரைத் திருத்த எவ்வளவு அவகாசம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் தெளிவாகச் சொன்னார்.

கொட்டாவியார் மறுபடி மூன்று மாடி ஏறினார். கேமராக்காரனும் கூட வந்தான். மனைவி கதவைத் திறந்து, தம்பியைப் பார்த்ததும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடந்ததை வால்யூம் சொன்னான். அடக்கிப் பேசத் தெரியாதவன் ஆதலால், இன்ஜினியர் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். கொட்டாவியார் தடுப்பதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

மனைவி புருஷனைப் பார்த்தாள். தனக்காகத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த முகத்தில் நன்றியும் இருந்தது, ஒரு கலக்கமும் இருந்தது. கேமராக்காரனுக்குப் புரிந்தது வேறொன்று.

"என்னைத் திருடன்னு நினைச்சீங்களா மாமா?"

இன்ஜினியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நீயான்னு கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேனே."

கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது என்றார் இன்ஜினியர். குரல் அவருக்கே கேட்டிருக்காது.  அக்கா நீட்டிய தண்ணீரைக் கேமராக்காரன் வாங்கவில்லை. வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் படி இறங்கிப் போனான்.

எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயிலுக்கே போகத் தயாராக இருந்த மனுஷன், அந்த ஒரு கேள்வியில் நொறுங்கி உட்கார்ந்திருந்தார். போய்க் கூப்பிடுங்கள் என்று மனைவி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை எழுந்திருக்க மாட்டார். அவராகத்தான் எழுந்தார். பனியனுக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டனைத் தப்பாகப் போட்டுக்கொண்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டினார்.

கொட்டாவியார் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியும் பக்கத்தில் வந்து நின்றாள். கீழே கேமராக்காரன் பைக்கில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியிருந்தான், ஆனால் நகரவில்லை. இன்ஜினியர் போய் அவன் பக்கத்தில் நின்றார். இவ்வளவு உயரத்தில் பேச்சுக் கேட்கவில்லை. பேசினார்களா என்பதே தெரியவில்லை. அவர் கை ஒரு தடவை மேலே எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இன்ஜினும் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு கேமராக்காரன், அவரைத் திரும்பிப் பார்க்காமலேயே, சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

இன்ஜினியர் பின்னால் ஏறிக்கொண்டார்.